ஆலிஸ் கதைமாந்தர்களும் ஓவியர்களும்

லூயிஸ் கரோல் எழுதி 1865-ல் வெளிவந்த ஆங்கிலச் சிறுவர் நாவல் ‘ஆலிஸின் அற்புத உலகம்’. சிறுமி ஆலிஸ், வெள்ளை முயல், தொப்பிக்காரர், சிரிக்கும் பூனை, சீட்டுக்கட்டு ராணி ஆகிய இதன் கதைமாந்தர்களை ஓவியர்களும் சிற்பிகளும் திரைக்கலைஞர்களும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படைத்து வருகிறார்கள். அவற்றுள் பலவற்றில் கரோலின் எழுத்தைவிட நூலின் முதல் ஓவியரான ஜான் டென்னியலின் சாயலே மிகுதி.

எழுத்தில் இல்லாதவை

ஆலிஸின் தோற்றத்தைப் பற்றிக் கரோல் அதிகம் சொல்வதில்லை. அவள் தலைமுடி சுருள்சுருளாக இல்லை, அதை வெட்டவேண்டும் என்று போகிறபோக்கில் இரண்டு குறிப்புகள் வருகின்றன. உடையின் நிறம் எங்கும் இல்லை. கிரிஃபின் என்ற விலங்கு வரும் இடத்தில், அது என்னவென்று தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தொப்பிக்காரரின் தொப்பியில் செருகியிருக்கும் விலைச்சீட்டு உலகம் முழுவதும் தெரிந்த அடையாளம். அது டென்னியல் சேர்த்தது, எழுத்தில் கிடையாது. தொப்பிகளைத் தான் விற்பதற்காக வைத்திருப்பதாக அவர் நீதிமன்றத்தில் சொல்லும் ஒரு வரியிலிருந்து அந்தச் சீட்டு முளைத்திருக்க வேண்டும். எழுத்தைக் கூர்ந்து படித்த ஓவியருக்கே இது வாய்க்கும்.

கரோலும் டென்னியலும்

அச்சு நூலுக்கு முன்பே கரோல் இக்கதையைக் கையால் எழுதி, 37 படங்களைத் தானே வரைந்து, 1864 நவம்பரில் ஆலிஸ் லிடெல் என்ற சிறுமிக்குப் பரிசளித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. கரோலுக்கு ஓவியப் பயிற்சி போதாது. மனித உடலின் அளவுகள் அவருக்குக் கைகூடவில்லை. ஆனாலும் முயலின் வீட்டுக்குள் ஆலிஸ் பெரிதாகிச் சிக்கிக்கொள்ளும் படம் ஒன்று போதும். அறை இல்லை, சுவர் இல்லை. படத்தின் சட்டத்துக்குள்ளேயே சிறுமி மடங்கி நெருங்கிக் கிடக்கிறாள். மூச்சுமுட்டுகிறது.

அதே காட்சியை ‘பஞ்ச்’ இதழின் கேலிச்சித்திரக்காரரான டென்னியல் சன்னலோடும் அறையோடும் வரைந்தார். கோடுகளில் குறையே இல்லை, ஆனால் அச்சம் குறைந்துவிட்டது. டென்னியலின் 42 படங்களை டால்சியல் சகோதரர்கள் மரக்கட்டையில் செதுக்கினர். அச்சு சரியில்லை என்று டென்னியல் சொன்னதால் முதலில் அச்சிட்ட 2000 பிரதிகளையும் கரோல் திரும்பப் பெற்றார். ஆசிரியரே தன் ஓவியருக்கு அவ்வளவு இடம் கொடுத்தார் என்றால், பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டத் தயங்கியதில் வியப்பில்லை.

பின்னால் வந்தவர்கள்

பிரிட்டனில் 1907-ல் நூலின் பதிப்புரிமை முடிந்ததும் புதிய ஓவியப் பதிப்புகள் வரிசையாக வந்தன. அவற்றுள் ஆர்தர் ராக்கமின் வண்ண ஓவியங்கள் குறிப்பிடத்தக்கவை. டென்னியல் இருக்க இன்னொருவர் எதற்கு என்று அன்று கேட்டவர்களும் உண்டு. 1951-ல் வந்த டிஸ்னி படம் ஆலிஸுக்கு நீல உடையையும் பொன்னிற முடியையும் நிலையாக்கியது. கதையை முதலில் கேட்ட ஆலிஸ் லிடெலுக்குக் கருமையான குட்டை முடி. 1890-ல் சிறு குழந்தைகளுக்காக டென்னியலின் படங்கள் வண்ணத்தில் வந்தபோது உடை மஞ்சளாக இருந்தது. இன்று ஆலிஸை வரையச் சொன்னால், நூலைத் திறக்காத மாணவரும் தயங்காமல் நீல வண்ணத்தை எடுப்பார். படிக்கும் குழந்தைக்காகக் கரோல் விட்டுவைத்த இடம் இப்படித்தான் அடைபட்டது.

சால்வடோர் தாலி 1969-ல் அத்தியாயத்துக்கு ஒன்றாக 12 படங்கள் செய்தார். அவரது ஆலிஸ் கயிறாட்டம் ஆடும் ஒரு நிழலுருவம். 1936-லேயே தாலியின் ஓவியத்தில் வந்தவள் அவள். இங்கும் அதே நிலையில் படத்துக்குப் படம் வருகிறாள். நூலின் ஆலிஸ் நீள்கிறாள், குறுகுகிறாள், தான் யார் என்றே குழம்புகிறாள். அந்தக் குழப்பம் கயிறாடும் சிறுமியிடம் இல்லை. தேநீர் விருந்துப் படம் மட்டும் விதிவிலக்கு. அங்கே உருகும் கடிகாரமே மேசையாகிறது. தாலி எங்கும் வரையும் கடிகாரம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. தொப்பிக்காரரோடு சண்டையிட்ட காலம் ஆறு மணியிலேயே நின்றுவிட்டது என்பது கதை. தாலியின் பழைய பொருளும் கரோலின் எழுத்தும் பொருந்திய இடம் அது.

மூமின் கதைகளைப் படைத்த பின்லாந்தின் டூவே யான்சன் 1966-ல் ஸ்வீடிஷ் பதிப்புக்கு வரைந்த படங்களில் வேடிக்கையைவிடத் தனிமை மேலோங்குகிறது. ஆலிஸ் கதையில் எத்தனை முறை அழுகிறாள் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு அது பொருத்தமாகவே தோன்றும்.

நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் 1959-ல் ஹோசே டி கிரீஃப்ட் அமைத்த வெண்கலச் சிற்பம், பாணியில் டென்னியலின் வழி வந்ததே. புதுமை என்று சொல்ல அதிகமில்லை. ஆனால் காளான்மேல் உட்கார்ந்திருக்கும் ஆலிஸ் சுமார் 11 அடி உயரம். குழந்தைகள் ஏறி விளையாடவே அது வைக்கப்பட்டது. அவள் மடியை எட்ட முயலும் குழந்தை, முயலின் காதைப் பிடித்துக்கொண்டு, கதையில் ஆலிஸ் குறுகியதுபோலத் தானும் குறுகிவிடுகிறது. ஏறி இறங்கிய கைகளாலும் கால்களாலும் வெண்கலம் பல இடங்களில் வழவழவென்று தேய்ந்து மின்னுகிறது.