எக்ஸாஸ்ட் ஃபேன்மீது ஒரு விசாரணை

சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் குளியலறை காயவில்லை, டைல்ஸ் இடுக்கில் கறுப்புப் பூசணம் படர்கிறது என்று யாரிடம் முறையிட்டாலும் பதில் ஒன்றுதான்: "எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க சார்." ஏற்கெனவே இருக்கிறது என்றால், "அப்ப பெரிசா போடுங்க." எலக்ட்ரீஷியன், கடைக்காரர், எதிர் வீட்டு மாமா எல்லோரும் இதில் ஒரே கட்சி. இத்தனை பேர் ஒருமித்துச் சொல்லும் வைத்தியம் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இந்த யோசனை குளிர்நாடுகளில் பிறந்தது. அங்கே அதற்கு அசைக்க முடியாத காரணம் உண்டு. பூஜ்யம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஐந்து கிராம் நீராவியைத்தான் தாங்கும். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடேறினால் 17 கிராம் வரை தாங்கும். ஆக, உள்ளே நுழையும் ஒவ்வொரு கன மீட்டரும் 12 கிராம் ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியேறத் தயாராக வருகிறது. இங்கிலாந்தின் கட்டட விதி குளியலறை விசிறிக்கு விநாடிக்கு 15 லிட்டர் என்றும், அமெரிக்காவின் ஆஷ்ரே 62.2 தர விதி சுமார் 25 லிட்டர் என்றும் கேட்பது இந்த நிலைமையை வைத்துத்தான். குளித்தபின் கால் மணி, அரை மணி ஓடவிட்டால் அங்கே கண்ணாடி தெளிந்துவிடும், சுவர் காய்ந்துவிடும்.

நம் நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். அந்தக் காற்றில் ஏற்கெனவே கன மீட்டருக்கு 23 கிராம் நீராவி இருக்கிறது. குளியலறைக்குள் அதே வெப்பத்தில் காற்று முழுதாக ஈரமேறி நின்றால் 27 கிராம். வித்தியாசம் நாலே கிராம். குளித்து முடித்ததும் நாலு சதுர மீட்டர் தரையில் கால் மில்லிமீட்டர் தண்ணீர் படிந்திருக்கிறது என்று வைத்தால் அது சரியாக ஒரு லிட்டர். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கும் நம் வழக்கத்துக்கு இது குறைவான மதிப்பீடு. அந்த ஒரு லிட்டரை நாலு நாலு கிராமாக வெளியேற்ற 250 கன மீட்டர் காற்று வேண்டும். சாதாரணக் குளியலறையின் மொத்தக் கொள்ளளவே எட்டு, ஒன்பது கன மீட்டர்தான். அதாவது அறைக் காற்று முழுவதையும் ஏறக்குறைய முப்பது தடவை மாற்றியாக வேண்டும்.

ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனின் பெட்டியில் போட்டிருக்கும் அளவு மணிக்கு 250 கன மீட்டரை ஒட்டி இருக்கும். ஆனால் அது எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியில் அளந்தது. கொசுவலை, தூசி, எதிரே நிற்கும் டக்ட் சுவர் எல்லாம் சேர்ந்து அதில் பாதியை விழுங்கினாலும் ஆச்சரியமில்லை. ஒரு லிட்டருக்கே இரண்டு மணி நேரம் என்றால், நாலு பேர் வரிசையாகக் குளிக்கும் வீட்டில் விசிறி மதியம் வரை ஓடினாலும் தரை முழுக்கக் காயாது. மே மாதத்தில் நிலைமை வேறு. வெளியே 36 டிகிரியும் 50 சதவீதமும் இருக்கும் பகலில் காற்றில் 21 கிராம்தான் நீராவி. 32 டிகிரிக் குளியலறையில் அது 34 கிராம் வரை ஏந்தும். வித்தியாசம் 13 கிராம், குளிர்நாட்டு லாபத்துக்கு ஈடு. அப்போது அரை மணியில் வேலை முடியும். ஆனால் மே மாதத்தில் யாருக்கும் குளியலறை ஈரம் பெரிய கவலை இல்லை. கவலைப்படும் மழைக்கால மாதங்களில்தான் விசிறி திணறுகிறது. வடகிழக்குப் பருவமழை வாரக்கணக்கில் நீளும்; பூசணம் வேரூன்ற அந்தக் காலமே தாராளம்.

அதே ஒரு லிட்டரை நூறு, நூற்றைம்பது ரூபாய் வைப்பர் ஒரு நிமிடத்தில் ஃப்ளோர் டிராப்புக்குள் தள்ளிவிடும். திரவமாக இருக்கும் தண்ணீரை முதலில் ஆவியாக்கி, அப்புறம் அந்த ஆவியை மின்சாரம் செலவழித்து வெளியேற்றுவதைவிட, திரவமாகவே சாக்கடைக்கு அனுப்புவது எளிது. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஆனாலும் கடைசியில் குளித்தவர் வைப்பர் போட வேண்டும் என்ற விதி எத்தனை வீடுகளில் அமலில் இருக்கிறது? பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள் தலையில் விழும் இன்னொரு வேலை. ஸ்விட்ச் போட்டால் போதும் என்ற யோசனைக்கு இவ்வளவு ஆதரவு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வைப்பருக்கும் எல்லை உண்டு. மூலை, குழாய்க்கு அடிப்புறம், வாளிக்கு அடியில், டைல்ஸுக்கு இடையிலுள்ள சிமென்ட் கிரவுட் ஆகிய இடங்களை அது தொடுவதில்லை. கிரவுட் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கறுப்பு முதலில் அங்கே தோன்றுவது அதனால்தான். மிச்சமிருக்கும் இந்த ஈரத்தைக் காயவைக்கத்தான் காற்று வேண்டும். அங்கேயும் காற்று எவ்வளவு வெளியேறுகிறது என்பதோடு, ஈரமான பரப்பின்மேல் அது எவ்வளவு வேகமாக உரசிப் போகிறது என்பதும் முக்கியம். ஏழடி உயரத்தில் சுழலும் எக்ஸாஸ்ட் ஃபேன் தரைமட்டக் காற்றை அதிகம் அசைப்பதில்லை. கதவைத் திறந்துவைத்து, படுக்கையறை மின்விசிறியின் காற்றைத் தரையில் படவிடுவது பல வீடுகளில் அதைவிட நன்றாகக் காயவைக்கிறது. ஏசி ஓடும் நேரம் மட்டும் இது வேண்டாம்: குளியலறை ஈரம் முழுவதையும் ஏசி தண்ணீராக்கி வடிக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவு மின்கட்டணத்தில் ஏறும்.

அப்படியானால் விசிறியே வேண்டாமா? வேண்டும், இரண்டு வேலைகளுக்கு. ஒன்று, நாற்றம். மற்றது, மார்கழியில் வெந்நீர்க் குளியல் கிளப்பும் ஆவி, சுவரிலும் கூரையிலும் படியும் முன்பே அதை இழுத்து வெளியே விடுவது. படிந்தபின் அதே ஆவியைத் துரத்தப் பல மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே குளித்து முடித்தபின் அல்ல, வாளி நிரம்பும்போதே ஸ்விட்சைப் போட வேண்டும். மின்செலவு கணக்கில் சேராது: 35 வாட் விசிறி தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் நாலு யூனிட்தான் கூடும்.

இந்த இரண்டு வேலைகளையும்கூட அது சரியாகச் செய்யாததற்கு, பொருத்தும் விதமே காரணம். லூவர் கண்ணாடி வென்டிலேட்டரின் மேல்பாதியை அறுத்து விசிறியை வைத்துவிட்டு, கீழ்ப்பாதிக் கண்ணாடிப் பட்டைகளைத் திறந்தபடி விடுவது நம்மூர் வழக்கம். விசிறி இழுக்கும் காற்றில் பெரும்பங்கு அரையடி கீழே உள்ள அந்தத் திறப்பு வழியாகவே வந்து, வந்த சுருக்கில் திரும்பிப் போய்விடும். அறையின் மறுகோடியில் நிற்கும் ஈரத்துக்குச் சேதி தெரியாது. விசிறி ஓடும்போது லூவரை மூட வேண்டும். காற்று கதவுக்கு அடியிலிருந்து வந்து அறை முழுக்கக் கடந்து போக வேண்டும். ஆறு அங்குல விசிறியின் வாய் சுமார் 175 சதுர சென்டிமீட்டர். கதவுக்கடியில் ஒரு சென்டிமீட்டர் இடுக்கு விட்டால் கிடைப்பது 70, 75தான். கதவின் அடியை இன்னொரு சென்டிமீட்டர் சீவிவிடும் தச்சர், பெரிய விசிறி விற்கும் கடைக்காரரைவிட உங்களுக்கு அதிக நன்மை செய்வார்.

ஈரப்பதத்தை உணர்ந்து தானே ஓடும் விசிறிகளும் சந்தைக்கு வந்துவிட்டன. 60 சதவீதத்துக்கு மேல் போனால் ஓடு என்று அமைத்துவைத்தால், ஐப்பசியில் அது நிற்கவே நிற்காது. வெளிக்காற்றே அதைத் தாண்டித்தான் இருக்கும். நமக்கு ஏற்றது, அரை மணியில் தானாக அணையும் எளிய டைமர்.

கால்சியம் குளோரைடு உருண்டைகள் நிரம்பிய ஈர உறிஞ்சிப் பெட்டிகளை மூடிய அலமாரிக்குப் பரிந்துரைக்கலாம். குளியலறைக்கு அவை தெண்டம். கற்பூரமும் அந்துருண்டையும் நாற்றத்தை மறைக்கும், அவ்வளவுதான். டீஹ்யூமிடிஃபையர் உண்மையிலேயே வேலை செய்யும் கருவி. ஆனால் வடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை அறைக்குள்ளேயே விடும். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் ப்ளக் போட்டு வைக்கும் சாமானும் அல்ல.

இரண்டு இடங்களில் ஈரம் என்ற நோயறிதலே தவறாகிவிடுகிறது. ஒன்று, குளியலறைக்குப் பின்பக்கம் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பி உதிர்வது. அதன் மூலம் பெரும்பாலும் காற்றில் இல்லை. தாழ்த்திக் கட்டிய குளியலறைத் தளத்திலோ (சங்கன் ஸ்லாப்) குழாய் இணைப்பிலோ இருக்கும் கசிவில் இருக்கிறது. ஒரு பாலித்தீன் துண்டை அந்தச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் கசிவு. அறையைப் பார்த்த பக்கம் என்றால் காற்றின் ஈரம். கசிவுக்கு எந்த விசிறியும் மருந்தாகாது.

மற்றது உயிர்ப் பிரச்சினை. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டி, "எக்ஸாஸ்ட் இருக்கே" என்று சமாதானம் சொல்கிறார்கள். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும் என்பது சின்ன விஷயம். காற்று போதாமல் எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவை அடைத்த அறையில் வலுவான விசிறி ஓடினால் புகைக்குழாய் வழியே மேலே போக வேண்டிய புகை அறைக்குள்ளேயே திரும்பவும்கூடும். கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். இதில் எடை போட்டுப் பார்க்க எதுவுமில்லை.

கடைசியாக, விசிறி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்ற கேள்வி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குளியலறைக்கு குறைந்தது 0.3 சதுர மீட்டர் ஜன்னலோ வென்டிலேட்டரோ, வெட்டவெளிக்கோ டக்ட்டுக்கோ திறக்க வேண்டும் என்கிறது. வழக்கமான இரண்டடிக்கு ஒன்றரையடி வென்டிலேட்டர் 0.28 சதுர மீட்டர்; விதிக்கே கொஞ்சம் குறைச்சல். அதிலும் பாதியை விசிறி அடைத்துக்கொள்கிறது. கட்டடம் உயர உயர டக்ட் அகலமாக வேண்டும் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. நடைமுறையில் அந்த டக்ட்டில் கழிவுநீர்க் குழாய்கள், ஏசி வெளியலகுகள், புறா வலை, வலைமேல் எச்சம். எல்லா வீட்டு விசிறியும் அதற்குள்ளேயே ஊதினால், விசிறியை அணைத்த வீட்டுக்குள் மற்றவர் வீட்டு நாற்றம் நுழையும். காற்று திரும்பாமல் தடுக்கும் மடிப்புக் கதவுள்ள விசிறியை வாங்குவது இதற்குப் பாதித் தீர்வு.

என் தீர்ப்பு இது. முதலில் வைப்பர், அடுத்தது கதவுக்கடி இடுக்கு, மூன்றாவதாக லூவரை மூடிய, டைமர் வைத்த சின்ன விசிறி. புதிதாக டைல்ஸ் போடுகிறவர்கள் குளிக்கும் இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நடுவில் ஒரு சிறு தடுப்புக் கட்டி, ஈரமாகும் பரப்பையே பாதியாக்கிவிடலாம். பெரிய விசிறிக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. வீட்டுக்காரர் ஒருவர் தனியாகச் சரிசெய்ய முடியாதது டக்ட் மட்டும்தான். புறாவுக்கும் மழைக்கும் பயந்து மொட்டைமாடியில் டக்ட்டின் வாயை ஷீட் போட்டு மூடலாம் என்று அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது கிளம்பினால், ஷீட்டை இரண்டடி தூக்கிவைத்து நாலு பக்கமும் வலை மட்டும் அடிக்கும்படி தீர்மானத்தில் எழுதவையுங்கள்.