ஆமை யாருக்குச் சொந்தம்?

கல்வியைப் பற்றி எழுதப்படும் நூல்களுட் பெரும்பாலானவை ஆசிரிய கலாசாலைகளின் அலுமாரிகளிலே தூசு படிந்து கிடப்பவை. பரீட்சைக்காகப் படிக்கப்பட்டுப் பரீட்சையோடு மறக்கப்படுபவை. 1980ஆம் ஆண்டில் வெளிவந்த சீமூர் பப்பேட்டின் ‘மைண்ட்ஸ்ரோம்ஸ்’ அவ்வரிசையிற் சேராதது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் குரல் ஓயவில்லை. விளையாட்டுச் சாமான் விற்பவனும், கணினி விற்பவனும், கல்வித் திட்டம் தீட்டும் அதிகாரியும் ‘விளையாடிக் கற்றல்’ என்று பேசும்போது, அறிந்தோ அறியாமலோ, இந்நூலாசிரியரிடம் கடன் வாங்கியே பேசுகின்றனர். கடன் கொடுத்தவர் உண்மையிற் சொன்னது யாது, சொல்லாது விட்டது யாது என்பதை நாம் நோக்குதல் வேண்டும்.

பப்பேட் 1928இல் தென்னாபிரிக்காவிலே பிறந்தவர். அங்கு நிறவெறியை எதிர்த்து நின்றவர். 1950களில் இலண்டனிலே ‘சோஷலிஸ்ட் றிவியூ’ ஏட்டைச் சூழ்ந்திருந்த புரட்சிகர சோஷலிஸவாதிகளுள் ஒருவராயிருந்தார். கணித அறிஞரான இவர் 1958 முதல் 1963 வரை ஜெனீவாவிலே பியாஜேயுடன் பணியாற்றிப் பின் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தை அடைந்தார். 1967இல் வேறு சிலரோடு சேர்ந்து, சிறுவருக்கென ‘லோகோ’ என்னும் கணினி மொழியை ஆக்கினார். இந்த வரலாற்றைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. ஒடுக்குமுறையை வெறுத்த ஒரு மனிதர் வகுப்பறையினுள் நுழைந்து பார்த்தபோது அங்கும் ஒடுக்குமுறையையே கண்டார் என்பது நூலின் ஒவ்வொரு அதிகாரத்திலும் புலனாகின்றது.

நூலின் மையம் ஓர் ஆமை. முதலில் அது தரையிலே ஊர்ந்து பேனாவாற் கோடு கீறும் சிறு இயந்திரம்; பின்னர் திரையிலே ஊரும் ஓர் உருவம். முன்னே போ, வலப்புறம் திரும்பு என்று குழந்தை கட்டளையிட, அது கோடு கீறுகின்றது. முக்கோணம் கீற விரும்பும் குழந்தை, முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பாடசாலையிற் படித்ததை நம்பி, ஒவ்வொரு மூலையிலும் ஆமையை 60 பாகை திருப்புகின்றது. விளைவது முக்கோணமன்று, அறுகோணத்தின் பாதி. ஏன் இவ்வாறு நேர்ந்தது? குழந்தை எழுந்து நின்று தானே ஆமையாகி நடந்து பார்க்கின்றது. தான் திரும்புவது உட்கோணத்தின் அளவுக்கு அன்று, வெளிக்கோணத்தின் அளவுக்கு என்பது அதன் கால்களுக்கே தெரிந்துவிடுகின்றது. 120 பாகை! புறப்பட்ட இடத்துக்கு வந்து புறப்பட்ட திசையையே நோக்கி நிற்கவேண்டுமாயின் மொத்தம் 360 பாகை திரும்பியாக வேண்டும் என்னும் உண்மை, யூக்கிளிட்டின் பெயரைக் கேட்டிராத பிள்ளைக்கும் சொந்தமாகின்றது. ஓரடி முன்னே, ஒரு பாகை திருப்பம். இதனை 360 முறை செய்தால் வட்டம். கரும்பலகையில் எழுதப்பட்ட சூத்திரத்தைக் கொப்பியிற் பெயர்த்தெழுதிய எவருக்கும் இந்த மகிழ்ச்சியின் அருமை விளங்கும்.

பிழையைப் பற்றி அவர் கூறுவது இன்னும் முக்கியமானது. நமது வகுப்பறையிற் பிழை என்பது சிவப்பு மையாற் சுழிக்கப்படும் குற்றம். லோகோவிலோ பிழை என்பது ஆராயவேண்டிய ஒரு பொருள். கணினித் துறையினர் இதனை ‘வழு’ என்பர். நல்ல சொல்தான், வழுவைக் கண்டதோடு நில்லாமல் வழுவமைதி என்று ஓரிடமும் ஒதுக்கிவைத்த இலக்கணகாரர் நம்மவர். வழுவைத் தேடும்போது ஆசிரியருக்கும் விடை தெரியாத நிலை ஏற்படுகின்றது. அவர் தெரிந்தவர்போல் நடிக்க வேண்டுவதில்லை. பிள்ளையும் பெரியவரும் ஒரே பிரச்சினையின் முன் தோளோடு தோள் நிற்கின்றனர்.

கணினி பிள்ளையை நடத்துவதா, பிள்ளை கணினியை நடத்துவதா? பப்பேட் எழுப்பிய இக்கேள்வி சாராம்சத்தில் ஓர் அரசியற் கேள்வி. அதனை எழுப்பியமைக்காகவே இந்நூல் நிலைக்கும். ஆயின், அக்கேள்வியின் பாதியோடு அவர் நின்றுவிட்டார் என்பதே நமது குறை. பிள்ளைக்கும் கருவிக்கும் இடையிலுள்ள உறவை அவர் நுணுகி ஆராய்ந்தார். கருவிக்கும் அதன் உடைமையாளருக்கும் இடையிலுள்ள உறவை, இடதுசாரியாயிருந்த அவரே, போதிய அளவு ஆராயவில்லை.

இக்குறைக்கு மறுமொழியும் அவரது நூலிலேயே இருக்கின்றது என்பதுதான் விந்தை. இறுதி அதிகாரத்திலே அவர் பிறேசிலின் சம்பா நடனக் கூடங்களை வருணிக்கின்றார். அங்கே குழந்தை முதற் பாட்டி ஈறாக எல்லோரும் ஒன்றாக ஆடுகின்றனர். புதிதாய் வந்தவனும் கைதேர்ந்தவனும் ஒரே தளத்தில். கற்பவர் யார், கற்பிப்பவர் யார் எனப் பிரிக்கவொண்ணாது. கல்வி இவ்வாறு இருத்தல் வேண்டும் என்கின்றார். உண்மை. ஆனால் அந்தக் கூடத்தை அங்கு கட்டியவர் யார்? றியோ டி ஜெனீறோவின் கறுப்பின உழைப்பாளி மக்கள்! பறையும் அவர்களுடையது, பாட்டும் அவர்களுடையது. தமது லோகோ வகுப்புக்கள் சமூகத்தில் வேரூன்றாத, செயற்கையாகப் பேணப்படும் சோலைகளே என்பதைப் பப்பேட் உணர்ந்தேயிருந்தார். உணர்ந்தும், கணினியின் விலை வீழ்ந்தால் அவ்வேர் தானே பிடிக்கும் என நம்பினார். 1984இல், கணினி பள்ளிக்கூடத்தையே தகர்த்துவிடும் என்றும் எழுதினார். 1945இல் இலவசக் கல்வியைப் பெற்று, அதனாலேயே எழுத்தறிந்த நம்மவர்க்கு இவ்வாசகம் இனிக்காது.

அதே 1984இல் றோய் பீ, மிடியன் கேர்லண்ட் என்னும் இருவர் நியூயோர்க்கில் நடத்திய ஆய்வு வெளியாயிற்று. லோகோ பயின்ற பிள்ளைகள் திட்டமிட்டுச் சிந்திப்பதில் ஏனையோரை விஞ்சவில்லை என்பது அதன் முடிபு. 1987இல் பப்பேட் விடையிறுத்தார். கருவி என்ன செய்தது என்று கேட்பதே பிழை. அதைக்கொண்டு மனிதர் எத்தகைய பண்பாட்டை வளர்த்தனர் என்றே கேட்கவேண்டும். இலக்கியத்துக்குத் திறனாய்வு உள்ளவாறு கணினிக்கும் ஒரு திறனாய்வு வேண்டும் என்றார். அருமையான விடை. ஆனால் அந்த விடையே அவரது இயக்கத்துக்கு எதிரான சாட்சியாயிற்று.

2005இல் நிக்கலஸ் நெக்ரோபொன்டி ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ என்னும் திட்டத்தை அறிவித்தபோது பப்பேட்டின் கருத்துக்களே அதன் கொடியாயின. பெரு நாடு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கியது. 319 கிராமப் பாடசாலைகளில் நடந்த ஆய்வின் முடிபு 2012இல் வெளிவந்தது: கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை, பொதுவான அறிதிறன்களில் மட்டும் சிறிது பலன். பெட்டி வந்தது, அதனோடு சேர்ந்து நின்று வழுத் தேடும் ஆசிரியரை ஆயத்தஞ் செய்ய எவரும் வேண்டிய அளவு முயலவில்லை. நூலின் ஆமையை எடுத்துக்கொண்டவர்கள் சம்பாக் கூடத்தை நூலிலேயே விட்டுச்சென்றனர்.

வியாபாரிகளின் கதை சுருக்கமானது. லெகோ நிறுவனம் பப்பேட்டின் ஆய்வுக்கு நிதி அளித்தது. 1998இல் அவரது நூலின் பெயரையே சூட்டி இயந்திரப் பொம்மைப் பெட்டியொன்றைச் சந்தைக்கு விட்டது. விலை ஏறத்தாழ 200 டொலர். அதைக்கொண்டு விளையாடிய பிள்ளைகள் பலர் நிச்சயமாகக் கற்றிருப்பர். அவர்கள் எவ்வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியோடு அந்நிறுவனம் அவ்வரிசையை நிறுத்திவிட்டது. மக்கள் சேர்ந்து கட்டிய கூடத்தை இவ்வாறு ஓர் அறிவித்தலால் மூடிவிட முடியாது.

நம் நாட்டில், 2020, 2021ஆம் ஆண்டுகளிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. அலை கிடைக்காத ஊர்களிற் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறினர். ஏறிப் பெற்றது யாது? அதே குறிப்பு, அதே பெயர்த்தெழுதல். இன்று அத்தொலைபேசி பிள்ளையின் கையில் எஞ்சியிருக்கின்றது. திரையிலே விரலைத் தள்ளும் விளையாட்டுக்களும் எஞ்சியிருக்கின்றன. பெற்றோரும் அவற்றையே ஆடுகின்றனர், தனித்தனியே. பப்பேட்டின் கேள்வியை இத்தொலைபேசியின் முன் வைத்துப் பார்க்கவேண்டியவர்கள் ஆசிரியர்களே; வேறெவரும் வைக்கப்போவதில்லை.

நூல் முழுவதையும் படிக்க அவகாசமில்லாத ஆசிரிய நண்பர்கள் ஆமை கீறும் கேத்திர கணிதத்தைக் கூறும் மூன்றாம் அதிகாரத்தையும், சம்பாவைக் கூறும் எட்டாம் அதிகாரத்தையும் படிக்கலாம். ஒன்றை விட்டு மற்றொன்றைப் படித்தவர்களாலேதான் பெருவில் அத்தனை கணினிகள் வாங்கப்பட்டன.