கோவில்பட்டிக் கணினியில் அமெரிக்கத் தேதி

கோவில்பட்டிப் பக்கம் நவம்பர் 4-ஆம் தேதி பெய்த மழையை ஒருவர் எக்செல்லில் 04-11 என்று பதிகிறார் என்று வையுங்கள். கணினி, பெட்டியைப் பிரித்த நாளில் இருந்தபடியே அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்தால் அந்த மழை ஏப்ரல் 11-க்குப் போய்விடும். 5-ஆம் தேதி மழை மே 11-க்கு, 6-ஆம் தேதி மழை ஜூன் 11-க்கு. முதல் பன்னிரண்டு நாள் பெய்ததெல்லாம் மாதந்தோறும் 11-ஆம் தேதி பெய்ததாக ஆண்டு முழுக்கப் பரவிக் கிடக்கும். 13-இலிருந்து வேறு கூத்து. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே. அதனால் கணினி அதைத் தேதி என்றே ஒப்புக்கொள்ளாமல், வெறும் எழுத்தாக எடுத்துக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிவைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. புரட்டாசிப் பட்டத்தில் விதைத்துவிட்டு ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வானம் பார்க்கும் மானாவாரிக் கரிசலில், மழைக்கணக்கு இப்படிக் குலைந்தால் அதை வைத்துக்கொண்டு பயிர்க் காப்பீடு பற்றி யாரிடமும் பேச முடியாது.

செட்டிங்ஸில் 'ரீஜன்' என்ற இடத்தில் இந்தியாவுக்குரிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் நாள் முன்னே வந்துவிடும். 1,250,000 என்று நின்ற தொகை 12,50,000 ஆகும். தீப்பெட்டி பண்டல் கணக்கு எழுதுகிறவருக்கு லட்சம் எங்கே முடிகிறது என்று கமாவை எண்ணிப் பார்க்கும் வேலை மிச்சம். விசைப்பலகையையும் ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றினால் வலப்பக்க ஆல்ட்டுடன் 4-ஐ அழுத்தும்போது ரூபாய்க் குறி விழும். ஆனால் ஏற்கெனவே புரண்ட தேதிகள் தாமாகத் திரும்பா. கணக்கை சி.எஸ்.வி. கோப்பாக வெளியூருக்கு அனுப்பினால், அதைத் திறக்கும் கணினியின் அமைப்புதான் மறுபடியும் தேதியைத் தீர்மானிக்கும். இந்த வசதியின் பெரிய பலவீனம் இது: அமைப்பு கணினியோடு நிற்கிறது, கோப்போடு போவதில்லை.

கணினியைத் தமிழுக்கு மாற்றுங்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தத் தேதி விஷயத்தைத் தொடுவதே இல்லை. அவர்கள் கேட்பது தமிழ் மெனு. கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் என்பதால் அதற்குக் கைதட்டல் கிடைக்கும். செட்டிங்ஸில் உள்ள மொழி, வட்டாரம், அணுகல் வசதி ஆகிய மூன்றில் மிகக் குறைந்த பயன் தருவது இந்த மெனு மாற்றம்தான் என்பது என் கணிப்பு. மெனு தமிழில் இருக்கிறவர் சிக்கலில் மாட்டினால் யாரைக் கேட்பார்? பக்கத்து வீட்டுப் பையன் 'ஃபைல்ல போய் சேவ் ஆஸ் குடுங்க' என்பான். யூடியூப் விளக்கமும் பேசுவது தமிழ், காட்டுவது ஆங்கிலத் திரை. தமிழ்ச் சொற்கள் நீளமாக இருப்பதால் எழுத்தைப் பெரிதாக்கினால் பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுப்படுவதும் உண்டு. மலிவு விலை மடிக்கணினிகள் பலவற்றில் வரும் விண்டோஸ் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பில் திரைமொழியை மாற்றவே வழியில்லை. அதற்காக வருந்த வேண்டாம்; அந்தப் பதிப்பிலும் தமிழ் விசைப்பலகையையும் வட்டார வடிவத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

செல்போனில் கதை வேறு. மகளிர் குழுக் கணக்கைச் செல்போனில் பார்க்கும் ஒரு பெண் அதைப் பெரும்பாலும் தானாகவேதான் தடவிக் கற்கிறார். அங்கே தமிழ்த் திரை நிஜமாகவே கைகொடுக்கிறது. 2017-இல் கூகுள் தமிழில் பேசித் தட்டச்சிடும் வசதியைத் தந்தபின் எழுதுவதும் எளிதாயிற்று.

விசைப்பலகைக்கு வருவோம். உண்மையான இழுபறி இங்கேதான். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியவே, மொழி அமைப்பில் ஒரு கட்டத்தை டிக் செய்து, நிறுவல் குறுந்தகட்டைத் தேடிப் போட வேண்டும். குறுந்தகடு யாரிடம் இருந்தது? ஆகவே டி.டி.பி. சென்டர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களோடு தங்கிவிட்டன. ஆபரேட்டர்கள் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்தவர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த முத்தையா தொடங்கிவைத்த தட்டச்சு மரபு அவர்கள் விரலில் ஊறியிருக்கிறது. 'கொடை'யின் 'கொ'வை அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால்: கண்ணுக்குத் தெரியும் வரிசை. தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 முறையில் க, ஒ என்று ஒலிக்கும் வரிசை. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என நாலே தட்டு. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். புதிதாகக் கற்கிறவருக்குத் தமிழ்99-ஐவிட நல்லது இல்லை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் குரூப் 4 தட்டச்சர் வேலையைக் குறிவைக்கும் பிள்ளைக்குப் பயிலகத்தின் பழைய வரிசைதான் சோறு போடும். அவரிடம் போய் விரலை மாற்று என்று சொல்ல எனக்கு மனம் வராது. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச நிரல்கள் பழைய தட்டச்சு வரிசையிலேயே யூனிகோடில் எழுத விட்டன. அந்தச் சமரசம் மேடைப் பேச்சுகளைவிட அதிகம் சாதித்தது.

அச்சகங்களின் பிடிவாதத்துக்கும் காரணம் உண்டு. தீப்பெட்டி லேபிள், காதுகுத்துப் பத்திரிகை, கொடைவிழா நோட்டீஸ் என்று வருஷக்கணக்கில் சேர்ந்த கோப்புகள் பேஜ்மேக்கரில் கிடக்கின்றன. 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. அதற்கு யூனிகோட் தெரியாது. 'யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழி' என்று விண்டோஸில் ஓர் இடம் இருக்கிறதே, அதில் தமிழை வைத்தால் தீராதா என்று சிலர் முயல்கிறார்கள். தீராது. தமிழுக்கு விண்டோஸில் பழைய குறியீட்டுப் பக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை. பாமினி வெறும் எழுத்துரு வித்தை: ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம்.

அந்த வேஷத்தின் விலையைக் கொடுப்பவர் கண் பார்வை இல்லாதவர். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லைத் திரைவாசிப்பானிடம் எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று படிக்கும். உள்ளே இருப்பது அதுதான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இன்றும் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு நிரலில் தமிழ் உண்டு. விண்டோஸிலும் 'வள்ளுவர்' என்ற தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஈஸ்பீக்கின் உச்சரிப்பு இயந்திரத்தனமானது, பழகக் கொஞ்ச நாளாகும். பழகியவர் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பார். பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு பிரவுசிங் சென்டர் கணினியிலும் என்.வி.டி.ஏ.வை இயக்கலாம் என்பது, அமைப்பு கணினியோடு நின்றுவிடும் குறைக்கு நல்ல மாற்று. ஆனால் வந்து சேரும் சுற்றறிக்கை பாமினியிலோ ஸ்கேன் செய்த படமாகவோ இருந்தால் எந்தக் குரலும் உதவாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே எழுத்துருத் தேர்வை ஆபரேட்டரின் சொந்த வசதி என்று இனி விட்டுவிட முடியாது. அச்சுக்கு மட்டும் போகிற நோட்டீஸ் பாமினியில் இருந்துவிட்டுப் போகட்டும். மின்னஞ்சலில் போகிற எதுவும் அப்படி இருக்கக்கூடாது.

அணுகல் வசதி என்றதும் பார்வை, செவி என்று நின்றுவிடுகிறோம். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் திடீரென்று ஒரு பெட்டி எழும்பும். எரிச்சலோடு எல்லோரும் மூடிவிடுவார்கள். ஸ்டிக்கி கீஸ் அது. கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்த முடியாதவர் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். பட்டாசு வெடிவிபத்துகளில் கையும் விரலும் இழந்தவர்கள் வாழ்கிற வட்டாரத்தில் இதைத் தேவையில்லாத தொந்தரவு என்று நிரந்தரமாக அணைத்துவைப்பது சரியல்ல. நாற்பதைத் தாண்டியவர் கண்ணாடியைத் தேடாமல் எழுத்தை 225 சதவீதம் வரை பெரிதாக்கிக்கொள்வதும் இதே பக்கத்தில்தான். பலர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோகிறார்களே தவிர அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

கணினிக்குத் தெரிந்த ஆகச் சிறிய வட்டாரம் ஒரு நாடு. தமிழ் (இந்தியா), தமிழ் (இலங்கை), தமிழ் (சிங்கப்பூர்), தமிழ் (மலேசியா) என்று பட்டியல் முடிகிறது. இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் சொற்களுக்கென்றே அகராதி போட்டார். அந்தச் சொற்களை அடித்தால் பிழைதிருத்திகள் சிவப்புக் கோடு போடும். குரல்வழித் தட்டச்சு அவற்றை வேறு சொல்லாக்கிவிடும். விவசாயி எண்ணும் சித்திரை, ஆடி மாதங்களுக்கு விண்டோஸ் நாட்காட்டியில் இடமில்லை. ௧, ௨ என்ற தமிழ் எண்களுக்கு மட்டும் தாராளமாக இடமுண்டு. அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஒவ்வொருவரும் தானே தேடிப்பிடித்து மாற்ற வேண்டியிருப்பதுதான் என் முக்கியப் புகார். மாற்றத் தெரிந்தவருக்கு மாற்றும் தேவை குறைவு. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது. கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஏற்றித் தரமுடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இந்தியத் தேதி, தமிழ்99, பழைய தட்டச்சு வரிசை, வள்ளுவர் குரல் ஆகியவற்றையும் அதேபோல் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று கொள்முதல் ஆணையில் ஒரு வரி சேர்க்கலாம். தனியார் கடையில் ஆன்டிவைரஸ் ஏற்றும்போது இதையும் கேட்டு வாங்கலாம். சில நிமிட வேலை. பேஜ்மேக்கர் கோப்புகளுக்கு மட்டும் குறுக்குவழி இல்லை. எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றியதை யாராவது வரிவரியாகப் பிழைபார்த்தாக வேண்டும். அந்தக் கூலியை வாடிக்கையாளர் தரமாட்டார், அச்சகமும் ஏற்காது.