நொண்டிச் சிந்தும் நந்தனும்: கோபாலகிருஷ்ண பாரதியாரின் நாட்டார் இசைக்கடன்

செவ்வியல் இசைப்புலவர் நாட்டார் இசையிடம் பெற்றதைப் பேசுங்கால் 'மெருகேற்றினார்' என்னும் சொல் நம் ஆய்வுகளில் எளிதாக இடம்பெற்றுவிடுகிறது. மெட்டு மக்களுடையது, கலை இயற்றியவருடையது என்பது அதன் உட்கிடை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்கு இவ்வளவுகோல் பொருந்தவில்லை.

பாரதியார் கருநாடக இசையில் வல்லவர். இந்துஸ்தானி இசையும் பயின்றவர். அத்தகையவர் நந்தனின் புலைப்பாடியை வருணிக்க நொண்டிச் சிந்தைத் தேர்ந்துகொள்கிறார். அது வெறும் சந்தமன்று. தனக்கெனக் கதையுடைய வடிவம். நொண்டி நாடகத்தில் பரத்தையிடம் பொருளிழந்தவன் களவாடிப் பிடிபட்டுக் கால் வெட்டுண்கிறான். ஒற்றைக் காலால் தாவியாடித் தன் கதையைத் தானே சொல்கிறான். முடிவில் திருத்தலம் சேர்ந்து, இறையருளால் இழந்த உறுப்பை மீளப் பெறுகிறான். திருச்செந்தூர் நொண்டி நாடகம் இவ்வகையினது. சீதக்காதி நொண்டி நாடகம் இதே அமைப்பை இசுலாமியச் சூழலுக்குக் கொண்டு சென்றது.

இக்கூத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு அச்சந்தம் ஓர் எதிர்பார்ப்பை எழுப்பும்: குறையுடைய உடல் தலத்தை அடைந்தால் முழுமை பெறும். நந்தனும் தில்லை நோக்கியே செல்கிறான். ஆனால் அவன் களவாடியவனல்லன். அவன்மீது ஏற்றப்பட்ட குறை பிறப்பு ஒன்றே. நொண்டிக்கு வெட்டுண்ட கால் வளர்கிறது. நந்தனோ அவ்வுடலையே தீயில் விட வேண்டியிருக்கிறது. பாரதியார் இம்முரணை எண்ணித்தான் சிந்தைக் கையாண்டாரா என்பதற்குச் சான்று காட்ட இயலாது. எனினும் பெரியபுராணத்தில் இல்லாத வேதியரைப் படைத்து நந்தனின் அடிமைநிலையை விரித்தவர், வடிவங்களை எண்ணாது எடுத்திருப்பார் என்று கொள்வது கடினம். பின்னாளில் சுப்பிரமணிய பாரதியார் பாரத மக்களின் இழிநிலையைப் பாட இதே நொண்டிச் சிந்தைக் கையாண்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

கச்சேரி மேடை இக்கதைத்தொடரைத் துண்டித்துவிட்டது. 'வருகலாமோ' மாஞ்சி இராகத்தில் தனித்து ஒலிக்கிறது; புலைப்பாடியின் கூரையும் சேறும் அதற்கு முன்னே வருவதில்லை. கேட்போர் அதனைப் பக்தனின் பணிவாகவே கொள்கின்றனர். சரித்திரத்தின் ஓட்டத்தில் கேட்டாலோ, தடுக்கப்பட்ட ஒருவன் எழுப்பும் வினா அது. கீர்த்தனைகளை மட்டும் சுரக்குறிப்போடு தொகுக்கும் பதிப்பாளர்கள் சிந்தையும் கண்ணிகளையும் அவற்றுக்குரிய இடத்திலேயே வைத்து அச்சிடுதல் வேண்டும். அவற்றை 'எளிய பகுதிகள்' என்று பின்னிணைப்புக்குத் தள்ளுதல் தகாது.