பொருளைப் பார்த்த பிறகே போதனை

புளித்த மாவு, கடுகு விதை, விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தொலைந்த காசைத் தேடும் பெண். இயேசு தம் உவமைகளுக்கு எடுத்தவை கேட்பவர்கள் நாள்தோறும் புழங்கியவை. அன்றாடக் காட்சி வழியே தியானத்துக்குள் நுழையும் கிறிஸ்தவ எழுத்து இங்கிருந்துதான் கிளைத்தது.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. ஆயர் ஜோசப் ஹாலின் ‘அக்கேஷனல் மெடிட்டேஷன்ஸ்’ 1630-இல் வெளிவந்தது. அறைக்குள் வந்து பாடிய ராபின் குருவி, ஆட்டின் முதுகிலிருந்து கம்பளியைக் கொத்தி இழுக்கும் காகம், நாயின் குரைப்பு எல்லாமே அவருக்குத் தியானப் பொருள். அறிவியலாளர் ராபர்ட் பாயில் 1665-இல் அதே வழியில் ஒரு நூல் எழுதினார். பின்னர் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் பாயிலின் நடையைக் கேலி செய்து, துடைப்பக்கட்டையைப் பற்றி ஒரு தியானம் எழுதினார். அந்தக் கேலியில் நியாயம் உண்டு. போதனையை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டால் எந்தப் பொருளும் அதற்குப் பொருந்திவிடும்.

அமெரிக்கப் போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸிடம் இந்த அவசரம் குறைவு. சிலந்திகள் நூல்விட்டுக் காற்றில் மிதப்பதை இளமையிலேயே கூர்ந்து பார்த்து எழுதியவர் அவர். 1728 வாக்கில் தொடங்கிய அவரது தியானக் குறிப்பேட்டில் 212 பதிவுகள் உள்ளன. அது நூலானது 1948-இல்தான். தான் செத்து நமக்கு ஆடை தரும் பட்டுப்புழுவில் அவர் கிறிஸ்துவைக் கண்டார். அங்கே புழு புழுவாகவே இருக்கிறது. அதனால்தான் அந்த ஒப்புமை நெஞ்சில் நிற்கிறது.

தமிழில் வேறொன்று நடந்தது. தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காட்சியை எடுப்பதோடு நிற்காமல் மக்கள் பாடிய வடிவங்களையே எடுத்துக்கொண்டார். ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் குறத்தி வந்தாள், ‘ஞான ஏற்றப் பாட்டில்’ ஏற்றம் இறைப்பவரின் பாட்டு ஞானப் பாட்டானது. உழைக்கும் உடலின் தாளத்திலேயே தியானத்தை வைத்த இந்தத் துணிவு எனக்கு ஹாலின் நூலைவிடப் பெரிதாகப் படுகிறது.

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் வாழ்ந்து 1951-இல் மறைந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் நம்மூர்ப் பொற்கொல்லர் பொன்னைப் புடம்போடுவதை எழுதியிருக்கிறார். உப்பு, புளி, செங்கற்பொடி கலந்த கலவை, மீண்டும் மீண்டும் மூட்டும் தீ என்று வேலையின் முறை முழுவதும் அதில் வருகிறது. தன் முகம் பொன்னில் தெரியும்போதுதான் அது தூய்மையானதென்று அறிவேன் என்கிறார் கொல்லர். தொழிலாளியின் சொல்லே போதனையாகிவிடுகிறது. எழுதுபவர் சேர்க்க வேண்டியது மிகக் கொஞ்சம்.

இன்றைய தினதியான நூல்களில் நான் தேடுவது இதைத்தான். திருநெல்வேலிச் சீமைத் திருச்சபைகளில் பல பனையேறிகளின் உழைப்பில் எழுந்தவை. பாளை சீவும் கத்தி, பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு, கருப்பட்டி காய்ச்சும் அடுப்பு ஆகியவை அந்த நூல்களில் எனக்கு அரிதாகவே கிடைக்கின்றன. பனையேறிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று எழுதுகிறார்கள், பிரசங்கிக்கிறார்கள். அந்தத் தொழிலை நேரில் கண்டவர்கள் இருக்கும்போதே அவர்கள் அதை எழுதிவிட வேண்டும்.