பாட்டெடுத்தவர்கள்: மலையகப் பெண்களின் சொல்மரபு

கொத்மலையில் பெண்களுக்கென ஒரு மலர் வெளிவந்தால் சாதனையாளர்களின் படங்களுக்கு ஒரு பகுதி, சமூகத் தொண்டுக்கு ஒரு கட்டுரை, இலக்கியத்துக்கு ஒரு கட்டுரை என்று பக்கங்களைப் பிரித்துவிடுவார்கள். அச்சகத்துக்கு அது வசதி. மலையகப் பெண்களின் வரலாற்றுக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. எங்களில் ஆரம்பத்திலேயே நூலாசிரியராகப் பெயர் வந்த ஒரு பெண், தொழிற்சங்க மேடையில் பாடியவர். அவருக்கு முன்னால் பாடியவர்களோ எழுத்தே அறியாதவர்கள். பாட்டு எங்கே முடிகிறது, தொண்டு எங்கே தொடங்குகிறது என்று அவர்களிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

கோப்பிக் காலத்தில் கடல் கடந்து வந்தவர்களில் ஆண்களே மிகுதி. கோப்பி பறிப்பு பருவ வேலை. முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியைத் தின்று தீர்த்தது. அந்த இடத்துக்கு வந்த தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்தெடுக்கக் கை வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்தார்கள், லயத்தில் நிலைத்தார்கள், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் மலைக்கு ஏறினார்கள். அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டும் அப்போதுதான் இங்கே வேர்பிடித்தது. மாமன் சீரும் மல்லிகைப் பந்தலும் இருந்த இடத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் வந்து உட்கார்ந்தன.

இந்த வாய்மொழி மரபை ஒரே பள்ளியாகக் கொள்ள முடியாது. தாலாட்டு ஒரு பள்ளி, கும்மியும் வேலைக்காட்டுக் கேலிப்பாட்டும் இன்னொன்று, ஒப்பாரி தனிப் பள்ளி. கேலிப்பாட்டில் குறி தப்பக் கூடாது. கங்காணி பக்கத்து நிரையில் நிற்கும்போதே அவனைப் பாட வேண்டும். பாடியது தன்னைத்தான் என்று அவனுக்கு விளங்க வேண்டும். ஆனால் பிடித்துக் கேட்க ஒரு சொல்லும் அவன் கையில் சிக்கக் கூடாது. மேடைக் கவியரங்கில் இன்றைக்கு இத்தனை கட்டுப்பாட்டோடு யார் எழுதுகிறார்கள்?

ஒப்பாரிக்கு அளவுகோல் இன்னும் கடுமை. எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், தொடர்ந்து பாடுபவர்கள் பலர். செத்தவரின் உறவுமுறை சரியாக விழ வேண்டும். அவர் செய்த காரியம் பெயரோடு வர வேண்டும். அழுகை தொண்டையை அடைத்தாலும் அடுத்த அடிக்கான சொல் தயாராக இருக்க வேண்டும். சும்மா அழுதால் ‘அழுதாள்’ என்பார்கள். சொல் வந்து விழுந்தால்தான் ‘பாடினாள்’ என்பார்கள். ஒப்பாரியை ஆராய்ந்தவர்கள் பலரும் கவனித்த சங்கதி ஒன்று உண்டு: செத்தவருக்காகத் தொடங்கிய பாட்டு, பாதியில் பாடுபவளின் சொந்த வழக்காக மாறிவிடும். குடிகாரப் புருஷன், சீதனத்தைத் தின்ற அண்ணன், பிள்ளைக்காம்பராவில் காய்ச்சலோடு கிடந்த குழந்தை எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஊர் கூடியிருக்கும்போது ஒரு பெண் தன் குறையை உரக்கச் சொல்ல இருந்த ஒரே மேடை அதுதான். மற்ற மேடைகள் ஆண்களுடையவை. காமன் கூத்துப் பொட்டலில் மன்மதன் எரிந்தபின் ரதி அழும் அழுகைக்குப் பெண்கள் கண்ணீர் விடுவார்கள். ஆனால் வழக்கப்படி ரதி வேடம் கட்டியிருப்பவரும் ஆண்தான்.

இந்தப் பாட்டுகளை ஏட்டில் ஏற்றியவர்களும் ஆண்கள். அதில் முதல் நன்றி சி.வி. வேலுப்பிள்ளைக்கு. 1914இல் வட்டகொடைப் பக்கத்து மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்து வாழ்க்கையை ஆங்கிலத்தில் கவிதையாக்கி வெளியுலகுக்குச் சொன்னவர். 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பைத் தந்துவிட்டு அடுத்த ஆண்டே மறைந்தார். அவர் தேடிப் போகாவிட்டால் இந்தப் பாட்டில் பெரும்பகுதி பாடிய வாயோடு போயிருக்கும். இருந்தாலும் நாட்டார் பாடலைத் தொகுக்கும்போது பாடியவர் பெயரைப் போடும் வழக்கம் தமிழில் வலுவாக வளரவில்லை. ‘மக்கள் பாடல்’ என்று சொல்லிவிட்டால் பாடிய மூக்காயியும் மாரியாயியும் ஆசிரியர் என்ற இடத்திலிருந்து கழன்றுவிடுகிறார்கள்.

பெயரோடு வரும் முதல் குரல்களில் ஒன்று மீனாட்சியம்மாளுடையது. கோ. நடேசய்யரின் மனைவி என்று அறிமுகப்படுத்துவார்கள். அது குறைவான அறிமுகம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த நடேசய்யர் ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தி, 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டியவர். கூட்டங்களில் அவர் பேசுவார், மீனாட்சியம்மாள் பாடுவார். 1930களில் தோட்டத்துக்குள் சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே துரைமாருக்கு ஆத்திரம் வரும். எழுத வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்குத் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்து என்ன பயன்? பாட்டைக் கொடுத்தால் அது லயத்துக்குப் போகும், மறுநாள் மலைக்கும் ஏறும். 1940இல் அவருடைய பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு நூலாக வந்தன. தலைப்பைப் பாருங்கள், அரசாங்க அறிக்கை போல இருக்கிறது! அறிக்கைக்குப் பாட்டு வடிவம் கொடுக்கலாம் என்று நினைத்த துணிவு எனக்கு வியப்பாக இருக்கிறது. மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளைத்தான் அவர் எடுத்துக்கொண்டார், கேட்டவர் உடனே பாட வேண்டும் என்பதற்காக.

இந்தப் பாடல்களைப் ‘பிரசாரம்’ என்று ஒதுக்கியவர்கள் உண்டு. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சில இறாத்தலைக் கழிப்பது போல, மேடைக்கு இவ்வளவு, மெட்டுக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் இவர்கள் கவிதைக் கணக்கில் வைத்தார்கள். எந்தக் காரியத்துக்காகப் பாட்டு கட்டப்பட்டதோ அந்தக் காரியத்தை அது செய்ததா என்பதும் ஓர் இலக்கிய அளவுகோல்தான். பாரதியின் தேசியப் பாடல்களுக்கு அந்த நியாயத்தை நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். மீனாட்சியம்மாளுக்குக் கொடுக்க மட்டும் கை ஏன் கூசுகிறது?

புனைகதைக்கு வந்தால் படம் மாறுகிறது. மலையகச் சிறுகதையில் பெண் இல்லாத பக்கம் குறைவு. ஆனால் நெடுங்காலம் பெண்ணை எழுதியது ஆண் கை. என்.எஸ்.எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் போன்றோர் நல்ல கதைகளைக் கொடுத்தார்கள், மறுப்பதற்கில்லை. இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ எனக்கு இன்றைக்கும் உவப்பானது. அதன் தலைப்பில் 1980இல் அவருடைய தொகுப்பு வந்தது. அந்தக் கதையின் உயிர் ஒரு பெண்ணின் கண்ணீரில் இல்லை, அவளுடைய விரல் வேகத்தில் இருக்கிறது, அதனால்தான் நிற்கிறது. அதே காலத்தில் வந்த பல கதைகளில் பெண் கங்காணியிடமோ துரையிடமோ அகப்பட்டு அழிவதற்காகவே பிறந்திருப்பாள். அநியாயம் நடந்தது உண்மை. ஆனால் ஒரு பெண்ணைத் துன்பத்தின் உருவமாக மட்டும் காட்டுவது, அவள் நாளெல்லாம் செய்த வேலையை மறைத்துவிடுகிறது.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து பஞ்சம் துரத்தத் தோட்டத்துக்கு வந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பின்தொடரும் நாவல். நடை சில இடங்களில் தளர்கிறது, சம்பவங்கள் நெருக்கியடிக்கின்றன. ஆனாலும் அதற்கு முன் யாரும் செய்யாத ஒன்றை அது செய்தது: புலப்பெயர்வை ஒரு பெண்ணின் ஆயுள் நீளத்தால் அளந்தது. அதே ஆண்டில்தான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. நாவல், கடல் கடந்து வந்த பெண்ணைப் பற்றிப் பேசியது. ஒப்பந்தம் அவளுடைய பேரப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பத் தேதி பார்த்தது. பல ஆண்டுகள் கழித்துக் கோகிலம் சுப்பையா அதைத் தாமே ஆங்கிலத்திலும் தந்தார்.

பிறகு வந்தவர்களை விரைவாகவே சொல்லிவிடலாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டுரை வேண்டும் என்பதால்தான். நயீமா சித்தீக், பாலரஞ்சனி சர்மா, எங்களுக்குப் பக்கத்தூரான புசல்லாவையின் பெயரைத் தன் பெயரில் தாங்கிய இஸ்மாலிகா என்று பெண்கள் எழுத வந்தார்கள். இஸ்லாமியப் பெண்களும் மலையக எழுத்தின் உள்வீட்டுக்காரர்கள் என்பதை நம் விழா மேடைகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. பெண்களின் கதைகளையும் கவிதைகளையும் தனித் தொகுப்புகளாக்குவதில் அந்தனி ஜீவா காட்டிய பிடிவாதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தது, பின்னர் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது, லயத்துப் பிள்ளைகள் ஆசிரியைகளானது இவையெல்லாம் சேர்ந்துதான் இந்தத் தலைமுறையை உருவாக்கின. சம்பளம் வந்த பிறகுதான் எழுத ஒரு மேசை வந்தது.

இன்றைய எழுத்தில் பிரமிளா பிரதீபனைக் குறிப்பாகச் சொல்வேன். ‘பீலிக்கரை’ என்ற தொகுப்பின் தலைப்பைக் கேட்டதுமே எங்கள் பெண்களுக்கு வரிசையும் குடமும் சண்டையும் கண்முன் வந்துவிடும். ‘கட்டுபொல்’ நாவலில் அவர் தேயிலையை விட்டு எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குப் போகிறார். அங்கே வேலை வேறு, முள் வேறு, ஆபத்து வேறு. மலையகம் என்றால் பச்சைக் கொழுந்தும் பனிமூட்டமும் என்று படம் எடுத்துப் பழகியவர்களுக்கு அது நல்ல வைத்தியம். வேலையை வேலையாக, அதன் கருவியோடும் களைப்போடும் எழுதத் தெரிந்திருப்பதுதான் இந்த மரபில் நான் முதலில் தேடுவது. மட்டக்கம்பு எதற்கென்று தெரியாமல் கொழுந்துப் பெண்ணைப் பற்றி எழுதும் கவிதைகள் நம்மிடம் வேண்டிய அளவு இருக்கின்றன.

இல்லாதது ஒன்று: சொல்லி எழுதவைத்த வாழ்க்கை வரலாறு. இலத்தீன் அமெரிக்காவில் அது ஒரு பெரிய பள்ளியாகவே வளர்ந்தது. பொலிவியாவின் தகரச் சுரங்கத் தொழிலாளியின் மனைவி டொமித்திலா சுங்காரா சொன்னது 1970களில் நூலாகி உலகம் சுற்றியது. குவாத்தமாலாவின் ரிகோபெர்த்தா மென்சூ பழங்குடிப் பெண். சிறு வயதில் கோப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போனவர். அவர் வாய்மொழியாகச் சொன்ன வரலாறு 1983இல் அச்சில் வந்தது. 1992இல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்ன விவரங்களில் சில சரியில்லை என்று பின்னர் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தச் சர்ச்சையும் நமக்குப் பாடம்தான்: ஒருத்தி தன் கதையைச் சொல்கிறாளா, தன் சனத்தின் கதையைத் தன் வாயால் சொல்கிறாளா என்ற கேள்வியை நம் ஒப்பாரிப் பெண்கள் எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறார்கள். கோப்பித் தோட்டத்துப் பெண்ணின் குரல் உலகத்துக்குக் கேட்டதென்றால், தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் குரலும் கேட்டிருக்க வேண்டும். நம் பெண்களைப் பற்றி ஆய்வாளர்கள் நல்ல நூல்கள் எழுதியிருக்கிறார்கள். குமாரி ஜயவர்தன, ரேச்சல் குரியன் இருவரும் சேர்ந்து எழுதியது அதில் முக்கியமானது. ஆனால் அவற்றில் பேசுபவர் ஆய்வாளர்.

தொண்டைப் பற்றிப் பேசும்போதும் குரல்தான் கேள்வி. சங்கங்களின் அங்கத்தினரில் பெரும்பகுதி பெண்கள், சந்தா அவர்கள் சம்பளத்திலிருந்து போகிறது. தோட்டத் தலைவர் மட்டும் ஆண், பெண்ணுக்கு மாதர் சங்கத் தலைவி என்ற பட்டம். ஆண் பெண் இருவருக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. அதுவரை அதே மலையில் அதே மழையில் நின்றவளுக்குக் குறைவாகவே கணக்கு எழுதினார்கள். செங்கொடிச் சங்கத்தின் தலைமைக்கு மேனகா கந்தசாமி வந்தது அந்த வகையில் பெரிய திருப்பம். வீட்டு வேலை செய்யும் பெண்களையும் சங்கமாக்கியவர் அவர். 1947இல் தோட்டப்புற வாக்கில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள், சி.வி. வேலுப்பிள்ளையும் அவர்களில் ஒருவர், ஏழு பேரும் ஆண்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் வாக்கில் வென்று அந்த மண்டபத்துக்குள் போக 2024 நவம்பர் வரை ஆனது: நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல். இடையில் குடியுரிமை பறிபோன ஆண்டுகளைக் கழித்தாலும் கணக்கு நீளமானதுதான். அங்கே அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை இனி ஹன்சாட்டில் தேடி வாசிக்கலாம். அதுவும் இந்தச் சொல்மரபில் சேர வேண்டியது.

கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு ஏறும் பாதையில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயக்காம்பராக்களையே தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். கவ்வாத்துக் கத்தியும் பித்தளைப் பாத்திரமும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. பொருளுக்கு இடம் கிடைத்துவிட்டது. பாட்டுக்குத்தான் ஆள் வேண்டும். பூண்டுலோயா, றம்பொடை, தவலந்தென்னைப் பக்கத்துத் தோட்டங்களில் பாட்டெடுத்துக் கொடுக்கும் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேத்திகள் கையில் ஒலிப்பதிவு செய்யும் தொலைபேசி இருக்கிறது. துக்க வீட்டில் போய் நீட்ட வேண்டாம். ஆறிய பிறகு, அவர்கள் சம்மதத்தோடு, தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு கேளுங்கள். பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், யாரிடம் கேட்டுப் பழகியது என்று முதலில் எழுதுங்கள். ‘தொரை’ என்று பாடினால் ‘துரை’ என்று திருத்தாதீர்கள். பாட்டு நடுவில் தன் புருஷனைத் திட்டினால் அதையும் வெட்டாதீர்கள். பதிந்ததை இணையத்தில் காக்க நூலகம் நிறுவனம் போன்ற இடங்கள் இருக்கின்றன. அடுத்த மலரில் உள்ளடக்கப் பக்கத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் அந்தக் கிழவியின் பெயரையே அச்சிடுங்கள்.