கொட்டாவி விடும் கிளர்ச்சிக்காரன்

பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் பெண் பார்க்கப் போகிறான். பெண்ணின் குடும்பம் பழம்பெருமை உள்ள குடும்பம், ஆனால் ஆட்சியாளரின் கோபத்துக்கு ஆளாகிச் சொத்து கரைந்துகொண்டிருக்கிறது. இந்தச் சம்பந்தம் கூடிவந்தால் கடன் தீரும், மானம் நிற்கும். வந்த மாப்பிள்ளையோ உடம்பில் எலும்பே இல்லாதவன் போல் சரிந்து உட்காருகிறான். கண்ணைச் சிமிட்டுகிறான், கொட்டாவி விடுகிறான். பிறகு கைக்குட்டையை எடுத்து, இந்த வித்தையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டு, யாருக்கும் வேண்டாத ஒரு சின்ன ஜாலத்தைச் செய்துகாட்டுகிறான். பெண்ணுக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதே பெண், முகமூடி போட்டுக்கொண்டு சுவர் ஏறி வருகிற கொள்ளைக்காரனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். இருவரும் ஒருவன்தான் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

1920 நவம்பரில் வெளியான 'தி மார்க் ஆஃப் ஸோரோ'வின் மொத்தச் சரக்கும் இந்தக் கொட்டாவிக்கும் அந்தச் சுவரேற்றத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஃப்ரெட் நிப்லோ இயக்கிய இந்த ஊமைப்படத்தை உலகம் வாள்சண்டைப் படமாகவே நினைவில் வைத்திருக்கிறது. என் கணக்கில் இது முதலில் ஒரு நகைச்சுவைப் படம். அந்தக் கண்ணோடு பார்த்தால் இன்றும் சிரிக்கவைக்கிறது. கொடுங்கோன்மைக்கு எதிரான கலகக் கதை என்று அது தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடங்களில்தான் நொண்டுகிறது.

ஜான்ஸ்டன் மெக்கல்லி 1919இல் 'ஆல்-ஸ்டோரி வீக்லி' என்ற மலிவு இதழில் எழுதிய தொடர்கதை இதன் மூலம். கதையின் பெயர் 'தி கர்ஸ் ஆஃப் கேபிஸ்ட்ரானோ'. மாப்பிள்ளை தியேகோவாகவும் கொள்ளைக்காரன் ஸோரோவாகவும் நடித்த டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் அப்போது நவீன அமெரிக்க இளைஞனாகத் துள்ளிக் குதித்து நடித்துப் பேரெடுத்தவர், வயது 37. சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், கிரிஃபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸை 1919இல் தொடங்கியிருந்தார். பழங்கால உடை போட்ட படம் ஓடாது என்பது அன்றைய படவியாபாரிகளின் எண்ணம். அவருக்கே உள்ளூர நடுக்கம் இருந்திருக்க வேண்டும். ஸோரோவை முடித்த கையோடு 'தி நட்' என்று தன் பழைய பாணியில் ஒரு சமகால நகைச்சுவைப் படத்தையும் எடுத்துவைத்தார். ஸோரோ பிய்த்துக்கொண்டு ஓடியது, 'தி நட்' எடுபடவில்லை. அடுத்த எட்டு ஆண்டுகள் மூன்று துப்பாக்கி வீரர்கள், ராபின் ஹூட், பாக்தாத் திருடன், கறுப்புக் கடற்கொள்ளையன் என்று அவர் பழங்கால உடையைக் கழற்றவே இல்லை.

மெக்கல்லியின் கதையில் ஸோரோ யார் என்பது கடைசிவரை வாசகனுக்கு ஒளித்துவைக்கப்பட்ட ரகசியம். படம் அந்தப் பூட்டைத் துணிந்து உடைத்துவிடுகிறது. ஆளுயரக் கடிகாரத்துக்குப் பின்னால் ரகசிய வழி, அதன் வழியே நிலவறை, அங்கே வாய்பேசாத வேலைக்காரன் பெர்னார்டோ, குதிரை, கறுப்பு உடை என்று நம்மைக் கூட்டுச் சதிகாரர்களாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரகசியம் போனதும் புதிர் போய்விட்டது, பதிலுக்குச் சிரிப்பு வந்தது. யார் அவன் என்று நாம் யோசிப்பதில்லை. இந்த மடையர்கள் எப்போதுதான் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று வேடிக்கை பார்க்கிறோம். திரைக்கதையில் ஃபேர்பேங்க்ஸ் 'எல்டன் தாமஸ்' என்ற புனைபெயரில் கைவைத்தவர். தன் பலம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரட்டை வேடம் புதிய சங்கதியில்லை. பாரனஸ் ஆர்ட்சியின் 'ஸ்கார்லெட் பிம்பர்னெல்' 1903இல் நாடகமாகவும் 1905இல் நாவலாகவும் வந்துவிட்டது. அதிலும் மேனாமினுக்கியாகத் திரிபவன்தான் மாவீரன். ஆனால் குரல் இல்லாத சினிமாவில் ஒரே ஆளை இரண்டு ஆளாகக் காட்டுவது தனிச் சவால். பேசும்படத்தில் உச்சரிப்பை மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். இங்கே எல்லாவற்றையும் முதுகெலும்பும் முழங்காலும்தான் சொல்லியாக வேண்டும். தியேகோவாக வரும்போது ஃபேர்பேங்க்ஸின் தோள் இறங்கிவிடுகிறது, கால் தரையில் இழுபடுகிறது, கைகள் எதையும் முழுதாகப் பிடிப்பதில்லை. ஸோரோவாக வரும்போது அதே உடம்பு நிமிர்ந்து, எடையே இல்லாததுபோல் தரையை விட்டு எழும்புகிறது. குதிக்கத் தெரிந்த நடிகர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. குதிக்கத் தெரிந்தவன், குதிக்கத் தெரியாதவனைப் போல் இத்தனை நேரம் பொறுமையாக உட்கார்ந்திருப்பதுதான் அபூர்வம். தியேகோவின் சோம்பலை இவ்வளவு ரசித்துச் செய்திருக்காவிட்டால் ஸோரோவின் பாய்ச்சலுக்குப் பாதி மதிப்புக்கூட இருந்திருக்காது.

அந்தப் பாய்ச்சல் முழுமையாக வெளிப்படுவது படத்தின் பிற்பகுதியில் வரும் துரத்தல் காட்சியில். படைவீரர்கள் கூட்டமாக விரட்டுகிறார்கள், இவர் தனியாள். சுவர், கூரை, ஜன்னல், முற்றம், மறுபடி சுவர். ஓடித் தப்பிப்பது இவருடைய நோக்கமாகவே தெரியவில்லை. நின்று, திரும்பிப் பார்த்து, அவர்கள் நெருங்கும்வரை காத்திருந்து, பல் தெரியச் சிரித்துவிட்டுத்தான் அடுத்த தாவலுக்குப் போகிறார். கேமரா பெரும்பாலும் தள்ளி நிற்கிறது. தலை முதல் கால்வரை முழு உடம்பும் சட்டத்துக்குள் தெரிகிறது, கை எங்கே பிடித்தது, கால் எங்கே ஊன்றியது என்று கண்ணால் தொடர முடிகிறது. இன்றைய சண்டைக் காட்சிகளில் ஓர் அடிக்கு நாலு வெட்டு வைத்து, அடித்தவன் யார் என்றே தெரியாமல் செய்துவிடுகிறார்கள். இங்கே வெட்டு குறைவு, நம்பிக்கை அதிகம். இதற்குப் பின்னால் ஒரு தொழில் சூட்சுமமும் உண்டு. ஃபேர்பேங்க்ஸுடன் பல படங்கள் செய்த இயக்குநர் ஆலன் டுவான் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, அவர் ஏறவேண்டிய மேசையும் தாண்டவேண்டிய தடுப்பும் அவர் உடல் அளவுக்கே செய்யப்பட்டவை. அவர் காலுக்கு எட்டாத உயரம் எதையும் செட்டில் வைக்க மாட்டார்கள். சிரமம் முகத்தில் தெரியாததற்கு இதுதான் காரணம். இது ஏமாற்று வேலை ஆகாது. நடனக்காரருக்கு மேடை அமைப்பதைப் போன்ற வேலை.

வாள்வீச்சைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. சத்திரத்தில் சார்ஜென்ட் கொன்சாலஸோடு நடக்கும் முதல் சண்டை ரசமாக இருப்பதற்குக் காரணம் வாள் இல்லை. கொன்சாலஸாக வரும் நோவா பீரி வாய்ச்சவடால் அடித்துவிட்டு அசடு வழியும் அழகுதான் காரணம். 1940இல் ரூபன் மமூலியன் எடுத்த மறுவாக்கத்தில் டைரோன் பவரும் பேசில் ராத்போனும் மோதும் சண்டையோடு வைத்துப் பார்த்தால், 1920இன் வாள்கள் விறகுக்கட்டைகள். நிப்லோவின் இயக்கத்திலும் உயிர் குறைவு. முன்பாதியில் கேமரா சுவரோரம் ஊன்றி நின்றுவிடுகிறது, எழுத்து அட்டைகள் மூச்சுமுட்ட வருகின்றன, ஃபேர்பேங்க்ஸ் இல்லாத காட்சிகள் எதுவும் மனதில் தங்குவதில்லை.

காதல் பகுதிக்கு வருவோம். லோலிடாவாக நடித்த மார்கரெட் டி லா மோட்டுக்கு அப்போது 18 வயது. தியேகோவைக் கண்டு முகம் சுளிப்பதையும் ஸோரோவைக் கண்டு முகம் மலர்வதையும் தவிர அவருக்குப் பெரிய வேலை தரப்படவில்லை. ஆனாலும் அவள் பாத்திரத்துக்குள் கூர்மையான ஒன்று ஒளிந்திருக்கிறது. பெற்றோரின் கடனுக்காகத் தன்னை ஒரு சோம்பேறிக்குக் கட்டிவைக்க அவள் சம்மதிப்பதில்லை. சொத்தே இல்லாத ஒருவனை, அதுவும் தலைக்கு விலை வைக்கப்பட்டவனை, அவளாகத் தேர்ந்தெடுக்கிறாள். படம் கடைசியில் அந்தத் தேர்வைச் செல்லாததாக்கிவிடுகிறது. அவள் ஏற்றவனும் மறுத்தவனும் ஒருவனே என்று ஆகும்போது, பெற்றோர் பார்த்த மாப்பிள்ளைக்கே அவள் கழுத்தை நீட்டியதாகக் கணக்கு முடிகிறது. பண்ணை பண்ணையோடு சேர்கிறது. அவளை இத்தனை நாள் ஏமாற்றியதற்கு அவன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூடப் படத்துக்குத் தோன்றவில்லை. ஆண்களின் காதல் கற்பனைக்கு இதைவிடச் சொகுசான ஏற்பாடு கிடைக்காது.

இந்தச் சொகுசு காதலோடு நிற்காமல் அரசியலுக்குள்ளும் நுழைவதுதான் படத்தின் பெரிய கோளாறு. கதை நடப்பது ஸ்பானியக் கலிபோர்னியாவில். ஆளுநர் அல்வரடோவும் கேப்டன் ரமோனும் கொடியவர்கள். பாதிக்கப்படுபவர்கள் பூர்வகுடிகளும் பாதிரியார்களும் நலிந்த பண்ணைக் குடும்பங்களும். ஸோரோ இவர்களுக்காகப் போராடுகிறான் என்கிறது படம். ஆனால் அவன் திரட்டும் படை யாருடையது? ஊரின் பிற பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள். பூர்வகுடிகள் அடி வாங்குவதற்கு மட்டும் திரையில் வருகிறார்கள். அவர்களில் ஒருவரும் கையில் எதையும் எடுப்பதில்லை. மேட்டுக்குடியில் ஒரு பகுதி இன்னொரு பகுதியை மிரட்டிப் பணியவைக்கிறது, உடனே நீதி நிலைநாட்டப்பட்டுவிடுகிறது.

படத்தின் உணர்ச்சி உச்சங்களில் ஒன்று, வயதான பாதிரியார் ஃபிரே ஃபெலிப்பே சவுக்கடி படும் காட்சி. பார்ப்பவர் மனம் பதறும்படி எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மண்ணின் உண்மை வரலாற்றில் சவுக்கு பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் வீசப்பட்டது. 1769இல் சான் தியேகோவில் தொடங்கி 1823வரை 21 கத்தோலிக்க மிஷன்கள் எழுந்தன. ஞானஸ்நானம் பெற்ற பூர்வகுடியினர் அங்கிருந்து தம் விருப்பப்படி வெளியேற முடியாது. ஓடிப்போனால் பிடித்துவந்து அடிப்பார்கள். வயலிலும் தொழுவத்திலும் உழைத்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் எதிர்க்காமலும் இல்லை. 1785இல் சான் கேப்ரியேல் மிஷனுக்கு எதிரான கிளர்ச்சியில் முன்னணியில் நின்றவர் தொய்புரினா என்ற இளம் டோங்வா பெண். 1824இல் சாந்தா இனெஸ் மிஷனில் ஒரு சுமாஷ் இளைஞனை ராணுவத்தினர் அடித்ததில் பற்றிய நெருப்பு மூன்று மிஷன்களுக்குப் பரவியது. லா பூரிஸிமா மிஷனை சுமாஷ் மக்கள் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். சவுக்கடி, கலகம், ஆயுதம் என்று ஒரு சாகசப் படத்துக்கு வேண்டிய அத்தனையும் இந்த நிகழ்ச்சிகளில் இருக்கின்றன. அந்த வீரர்களின் இடத்தில்தான் படம் கைக்குட்டை வித்தை காட்டும் பண்ணையார் மகனை உட்கார வைத்தது.

இதற்கு ஃபேர்பேங்க்ஸ் ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே தெற்குக் கலிபோர்னியா தன் ஸ்பானியக் கடந்தகாலத்தை ஓட்டு வீடும் கிட்டாரும் மணிக்கூண்டுமாகச் சிங்காரித்து, சுற்றுலாக்காரர்களுக்கும் மனை வாங்க வருபவர்களுக்கும் விற்றுவந்தது. ஹாலிவுட் அந்தக் கடைவீதியின் நடுவிலேயே இருந்தது. இன்னொன்றும் உண்டு. அன்றைய அமெரிக்கப் படங்களில் மெக்சிகோக்காரன் என்றால் அநேகமாக வில்லன்தான். பொறுக்க முடியாமல் 1922இல் மெக்சிகோ அரசு அப்படிப்பட்ட படங்களை எடுத்த நிறுவனங்களுக்கே தடை போட்டது. ஸோரோவை ஸ்பானிய உயர்குலத்தான் என்று வைத்ததால் அதே மண்ணில், அதே தொப்பியோடு, அவன் கதாநாயகனாக முடிந்தது. வில்லன்களின் கூட்டத்துக்கு நடுவே இது ஒரு மாறுதல்தான். ஆனால் குலத்தைக் காட்டிப் பெற்ற மாறுதல்.

பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் பிறந்தவை என்பதால்தான் இந்தப் படத்தைத் திட்டவும் முடிவதில்லை, தூக்கி வைக்கவும் முடிவதில்லை. ஃபேர்பேங்க்ஸ் எதையும் கனமாக எடுத்துக்கொள்வதில்லை. கொடுங்கோலன் அவர் கையில் கேலிக்குரியவன் ஆகிறான், மரணம் ஒரு தாவலில் தாண்டக்கூடிய வேலி ஆகிறது. துரத்தல் காட்சியைப் பறக்கவைப்பது இந்த லேசான மனம்தான். சவுக்கடி பட்டவர்களை அரைநிமிடத்தில் மறக்கவைப்பதும் அதே மனம்தான். கனமாக எடுத்திருந்தால் ஒரு நேர்மையான படம் கிடைத்திருக்கலாம், ஆனால் அதை 1920இல் யாரும் இத்தனை முறை திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டதும் இந்த லேசையும் கறுப்பு உடையையும்தான். மூலக்கதையின் உடையும் குணமும் படத்தில் மாறிப்போக, மெக்கல்லியே பிறகு தன் கதைகளைப் படத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதினார். நாவலும் 1924இல் படத்தின் பெயரோடுதான் புத்தகமாக வந்தது. பேட்மேனை உருவாக்கிய பாப் கேன், ஃபேர்பேங்க்ஸின் ஸோரோ தன்மேல் செலுத்திய பாதிப்பை வெளிப்படையாகச் சொன்னவர். பகலில் சோம்பேறிச் சீமான், இரவில் முகமூடி என்ற வாய்ப்பாடு அங்கே அப்படியே இருக்கிறது. பம்பாயில் ஃபேர்பேங்க்ஸின் தீவிர ரசிகரான ஜே.பி.எச். வாடியா 1931இல் 'திலேர் டாக்கூ' எடுத்தார். வாடியா சகோதரர்களின் 'ஹண்டர்வாலி' 1935இல் முகமூடியையும் சாட்டையையும் நாதியா என்ற பெண்ணிடம் கொடுத்தது. லோலிடாவுக்கு ஹாலிவுட் தராததை பம்பாய் தந்தது என்று சொல்லலாம். வணிகர் அப்துல் ரஹீமாகவும் கொள்ளைக்காரனாகவும் எம்.ஜி.ஆர். மாறிமாறி வரும் 1954இன் 'மலைக்கள்ள'னைப் பார்த்த தமிழ் ரசிகருக்கு, ஸோரோவின் இரட்டை ஆட்டம் ஏற்கெனவே பழகிய சொந்தக்காரர் மாதிரித்தான் தெரியும்.

ஃபேர்பேங்க்ஸ் 1925இல் மீண்டும் இந்தப் பாத்திரத்துக்குத் திரும்பினார். டொனால்ட் கிரிஸ்ப் இயக்கிய 'டான் க்யூ, சன் ஆஃப் ஸோரோ'வில் அப்பாவும் அவரே, மகனும் அவரே. சாட்டையைச் சுழற்றும் காட்சிகளில் பழைய படத்தைவிட மெருகு கூடியிருந்தது, தயாரிப்பிலும் செலவு தெரிந்தது. மகன் படிக்கப் போன இடம் ஸ்பெயின் என்பதால் கதை அரண்மனைகளிலும் சதிகளிலும் ஓர் ஆஸ்திரிய இளவரசனின் கொலையிலும் சுற்றிச் சுழல்கிறது. முதல் படத்தில் ஓரமாக நின்று அடி வாங்கிக்கொண்டிருந்த கலிபோர்னியப் பூர்வகுடிகளுக்கு இதில் அந்த வேலையும் இல்லை.